வித்தியாசம் பூஜ்யம்

தூத்துக்குடியில் அந்த ஆஸ்பத்திரியைக் கட்டியவர்கள் மனநலப் பிரிவைப் பல் மருத்துவப் பிரிவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். தெரிந்தேதான் வைத்தார்கள். வருகிறவர்கள் பல் டாக்டரைப் பார்க்கப் போவதுபோல உள்ளே நுழைந்து, நடைபாதையின் கடைசியில் இடப்பக்கம் திரும்பிவிடலாம். தெரிந்தவர்கள் யாராவது எதிர்ப்பட்டால் கடைவாய்ப்பல் என்று சொல்லிக்கொள்ளலாம். உலகத்திலேயே மாதக்கணக்கில் பல்வலியோடு அலைகிறவர்கள் இந்த ஊரில்தான் அதிகம் என்று டாக்டர் ஹெலன் பொன்மணி சொல்லிச் சிரிப்பதுண்டு. அந்தப் பிரிவின் தலைமை மருத்துவர் அவர்தான்.

இந்த நிலைமையை மாற்றத்தான் பகிர்வி வந்தது.

பகிர்வி என்பது இரண்டு நாற்காலிகளும் இரண்டு தொப்பிகளும் ஒரு திரையும் கொண்ட கருவி. ஒரு நாற்காலியில் நோயாளி உட்காருவார். இன்னொன்றில் அவருடைய வீட்டைச் சேர்ந்த ஒருவர். நோயாளியின் மனம் எந்தக் கனத்தில் இருக்கிறதோ அதே கனம் கால் மணி நேரத்துக்கு மற்றவர் மேல் ஏறும். பிறகு இறங்கிவிடும். பக்கவிளைவு கிடையாது. "எல்லாம் இவ மனப்பிரமை" என்று சொல்லிக்கொண்டு வந்த கணவன்மார், தொப்பியைக் கழற்றிவிட்டு மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலைகுனிந்து உட்கார்ந்ததை ஹெலன் பலமுறை பார்த்திருக்கிறார். ஊருக்குள் அதன் பெயர் 'பேய் மாத்துற மிஷின்'.

ஹெலனுக்கு அந்தக் கருவியைப் பிடிக்காது. கால் முறிந்து வருகிறவனிடம், "உன் வலியை உன் அண்ணனுக்கும் ஏற்றிக் காட்டினால்தான் கட்டுப் போடுவோம்" என்று எந்த ஆஸ்பத்திரியாவது சொல்லுமா என்று நிர்வாகக் கூட்டத்தில் கேட்டார். கருவி வந்த பிறகு, நோயாளி சொல்வதை மட்டும் கேட்டு நம்புகிறவர்கள் குறைந்துபோனார்கள். "மிஷின்ல உக்காரு பாப்போம்" என்பது ஒரு சவாலாகவே ஆகிவிட்டது. ஒரு மாமியார் மருமகளின் கனத்தைச் சுமந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு இருக்கிறவள எம்மவன் எப்படி வச்சுக் காப்பாத்துவான்" என்று அன்றைக்கே அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நம்பினால் மட்டும் போதாது என்பதை அன்று ஹெலன் தெரிந்துகொண்டார்.

ஷெரின் மச்சாது அந்தப் பிரிவுக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் இஞ்சினியர். கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள். ஒரு மழைக்காலத்தில் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் விட்டாள். முதலில் பாட்டுக் கேட்பதை, பிறகு தோழிகளை, பிறகு வேலையை, கடைசியில் தலை வாருவதை. அவளுடைய அம்மா ரெஜினா, வீட்டில் பல்வலி என்று சொல்லிவிட்டு அவளை ஹெலனிடம் கூட்டிக்கொண்டு வந்தார். மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய சமயத்தில் அவளுடைய அப்பா அந்த அட்டையைக் கண்டெடுத்தார். என்ன மாத்திரை என்று தெரிந்துகொண்டார். நேரே போய்த் துறைமுகத்துத் தண்ணீரில் வீசிவிட்டு வந்தார்.

ஷெரின் மறுபடி சரிந்தாள். இந்த முறை தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினாள். நாக்கு வறண்டு, கண் சொருகிய நிலையில் ஆம்புலன்ஸில்தான் வந்தாள்.

ட்ரிப்ஸ் ஏறி அவள் தெளிந்த அன்று அவளுடைய அப்பா கஸ்பார் மச்சாது வந்தார். துறைமுகத்தில் பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி உள்ளே இழுத்து வரும் டக் படகின் கேப்டன். மழையோ புயலோ, கஸ்பார் வந்தால் கப்பல் பத்திரமாகக் கரை சேரும் என்பார்கள். தோள் அகலமானவர். ஹெலனின் அறையில் உட்காரச் சொன்னபோது நின்றுகொண்டே பேசினார்.

"எம்மவள டிஸ்சார்ஜ் பண்ணுங்க டாக்டரம்மா. கூட்டிட்டுப் போறேன்."

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும் ஐயா. மருந்து மறுபடி ஆரம்பிச்சிருக்கோம்."

"அந்த மருந்துதான் அவள இப்படி ஆக்கிட்டு. எங்க சனத்துல யாருக்கும் இந்தச் சீக்கு கெடையாது. ஒரு நல்ல இடம் வந்திருக்கு. கட்டிக் குடுத்தா எல்லாம் சரியாயிரும்."

"தண்ணி குடிக்க முடியாம வந்த பொண்ணு, கல்யாணம் பண்ணா எப்படி எந்திரிப்பா?"

"மனசு வச்சா எந்திரிப்பா. நானும் காலையில எந்திக்கேன். எனக்கு மட்டும் என்ன, எந்திக்கணும்னு ஆசையாவா இருக்கு? கடமை இருக்கு, எந்திக்கேன். இவ நடிக்கா. வேலைக்குப் போவ வலிக்கி."

அவர் குரல் உயரவில்லை. அதுதான் ஹெலனுக்கு வியப்பாக இருந்தது. கோபத்தில் பேசுகிறவர்களை அவருக்குப் பழக்கம். இவரோ எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை, ஒரு டாக்டருக்குக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற சலிப்பில் பேசினார்.

ஷெரின் வயது வந்தவள். அப்பா கையெழுத்து இல்லாமலே அவளை வைத்து மருத்துவம் பார்க்கலாம். ஹெலன் அதை அவளிடம் சொன்னார். ஷெரின் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"அப்பா கூப்பிட்டா போயிருவேன் டாக்டர். சண்டை போடத் தெம்பு இல்ல."

ஹெலனுக்கு வேறு வழி தெரியவில்லை. தனக்குப் பிடிக்காத அந்தக் கருவியைப் பற்றித் தானே பேச்செடுத்தார்.

ஷெரின் உடனே தலையாட்டி மறுத்தாள். "இத அப்பாவுக்குக் குடுக்க மாட்டேன். எனக்குப் பிடிக்காதவங்களுக்குக்கூடக் குடுக்க மாட்டேன்."

வாசலில் நின்ற கஸ்பார் அதைக் கேட்டார். "என்னத்த அப்படிப் பெரிசா வச்சிருக்க? நான் இழுக்காத கப்பலா? குடு, பாக்கேன். ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சா வீட்டுக்கு வந்திரணும். சரியா?"

ஷெரின் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "சரி. அதுக்கப்புறமாவது நடிக்கேன்னு சொல்ல மாட்டாருல்லா."

கருவியில் உட்காரும் முன் உறவினரைச் சோதிக்க வேண்டும். பலவீனமான மனத்தில் பாரம் ஏற்றக்கூடாது என்பது விதி. ஹெலனே கேள்விகளைக் கேட்டார். சமீபத்தில் தூக்கத்தில் மாற்றம் உண்டா? பசியில்? வேலையில் இருந்த ஆர்வம் குறைந்திருக்கிறதா? சாதாரணமாக இருப்பதைவிடச் சோர்வாக இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் கஸ்பார் இல்லை என்றார். யோசிக்காமல், உண்மையாகச் சொன்னார்.

பகிர்வியை இயக்குகிறவர் ஆனந்தவல்லி. நிறைய பேர் அழுததைப் பார்த்தவர், மேசையில் எப்போதும் தண்ணீர்ச் சொம்பு வைத்திருப்பார். கஸ்பாரின் தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டே அவருக்கு விளக்கினார்.

"உங்க மக என்ன நெனைக்கிறாங்கிறது உங்களுக்குத் தெரியாது சார். நெனப்பு எதுவும் வராது. அந்த நெனப்புக்கு அடியில ஒரு தாளம் ஓடும் பாருங்க, அத மட்டும் உங்க மூளையில மெதுவாத் தட்டும். இந்தத் திரையில ஒரு நம்பர் வரும். உங்களுக்கும் அவங்களுக்கும் உள்ள வித்தியாசம் அது. ஆரம்பத்துல பெரிசா இருக்கும். ஏற ஏற அது குறைஞ்சு பூஜ்யத்துக்கு வரும். அப்போ நீங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருப்பீங்க."

"சரிம்மா. ஓட்டுங்க."

எதிர் நாற்காலியில் ஷெரின் அப்பாவைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். ரெஜினா சுவரோரம் நின்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். ஆனந்தவல்லி கருவியை ஓடவிட்டார். திரையைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். நிறுத்திவிட்டுக் கம்பிகளைச் சரிபார்த்து மறுபடி ஓடவிட்டார்.

"என்ன?" என்று ஹெலன் கேட்டார்.

"ஆரம்பத்துலயே பூஜ்யம் காட்டுது டாக்டர். ஏறவே இல்ல. எங்கேயோ மாட்டிக்கிட்டுது போல."

கஸ்பார் கண்ணைத் திறந்தார். "நான்தான் சொன்னனே. ஒண்ணும் இல்ல. எப்பவும் போலதான் இருக்கு." தொப்பியைக் கழற்றப் போனார். ஷெரினின் முகம் வெளிறியது. கடைசிக் கதவும் மூடிவிட்டதுபோல அவள் தரையைப் பார்த்தாள்.

"கொஞ்சம் இருங்க" என்றார் ஹெலன்.

கருவி ஓடுகிறதா இல்லையா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. ஆனந்தவல்லி தயங்காமல் கஸ்பாரை எழுப்பிவிட்டு அவர் நாற்காலியில் தான் உட்கார்ந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். இப்போது திரையில் எண் உயரத்தில் தொடங்கியது. மெதுவாக இறங்கியது. அது பாதி இறங்குவதற்குள் ஆனந்தவல்லியின் தோள்கள் தொங்கிவிட்டன. அவர் எதிரே இருந்த சொம்பை எடுக்கக் கை நீட்டினார். கை பாதியில் நின்றது. அதை நீட்டுவதற்கு ஒரு காரணம் தேடுவதுபோலப் பார்த்துவிட்டு மடியில் போட்டுக்கொண்டார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கவும் இல்லை.

ஹெலன் விரைந்து கருவியை நிறுத்தினார். ஆனந்தவல்லி மூச்சு வாங்கி நிமிர்ந்தார்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்றார். பிறகு ஷெரினைப் பார்த்து, "இதோடயா கண்ணு இருக்க?" என்று மெல்லக் கேட்டார்.

முதலில் ஷெரினுக்குத்தான் புரிந்தது. அவள் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். பிறகு ஹெலனுக்குப் புரிந்தது. தான் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. மாற்றம் உண்டா, குறைந்திருக்கிறதா, சாதாரணத்தைவிட அதிகமா. மாறவே மாறாத ஒருவரிடம் மாற்றத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை.

ஹெலன் கஸ்பாரை மறுபடி உட்காரவைத்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"ஐயா, நீங்க தொப்பி போட்டிருந்தப்போ என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியல. அதான் சொன்னனே."

"அந்த ஒண்ணும் தெரியாதது எப்படி இருந்துச்சு?"

கஸ்பார் யோசித்தார். இதுவரை அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. "நெஞ்சு மேல நங்கூரம் கெடக்க மாதிரி. எல்லாத்துக்கும் நடுவுல ஒரு கண்ணாடி இருக்க மாதிரி. பொழுது எப்ப அடையும்னு இருக்க மாதிரி. அது எப்பவும் இருக்கிறதுதானே?"

"இல்ல ஐயா."

"எல்லாத்துக்கும் இருக்கிறதுதானே?"

"இல்ல. எனக்கு இல்ல. மிஷின் ஓட்டுற இவங்களுக்கு இல்ல. உங்க வீட்டம்மாவுக்கு இல்ல."

கஸ்பார் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ரெஜினாவின் கையில் ஜெபமாலை நின்றுவிட்டிருந்தது.

"அப்போ," என்றார் கஸ்பார், "மத்தவங்கல்லாம் எப்படி இருப்பாவ?"

ரெஜினாதான் சொன்னார். "காலையில முழிச்சதும் ஒரு வாய் டீ குடிக்கணும்னு இருக்கும்ங்க. குடிக்கிறதுக்கு முன்னாடியே அந்த நெனப்பே நல்லா இருக்கும். அவ்வளவுதான். வேற பெரிசா ஒண்ணும் இல்ல."

"நெனப்பே நல்லா இருக்குமா?"

"ஆமா."

கஸ்பார் தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டார். "பன்னெண்டு பதிமூணு வயசு இருக்கும். அதுக்கு முன்னாடி வேற மாதிரி இருந்த ஞாபகம் இருக்கு. அப்புறம் இது வந்துட்டு. வளந்தா இப்படித்தான் இருக்கும் போலன்னு நெனச்சேன். எல்லாரும் இதத் தூக்கிட்டுத்தான் நடக்காவ, வெளிய சொல்லாம நடக்காவ, நாமளும் நடக்கணும்னு நெனச்சேன்." அவர் மகள் பக்கம் திரும்பினார். "நீ மட்டும் கீழ வச்சிட்டு உக்காந்துட்டன்னு கோவம் வந்துச்சு மக்கா. அந்த மாத்திரையத் தண்ணியில போட்டது தப்பு."

ஷெரின் எழுந்து வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். படுக்கையிலிருந்து நடந்து வரவே பிறர் தோள் தேவைப்பட்டவள் அவள். "ஒத்தையில எப்படிப்பா வச்சிருந்திய?" என்று கேட்டாள். அவர் அவள் தலைமேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவர் ஹெலனிடம் ஒன்று கேட்டார். இந்தக் கருவியைத் திருப்பி ஓட்ட முடியுமா, ரெஜினாவின் மனத்தைத் தனக்கு ஏற்றிக் காட்ட முடியுமா என்று. முடியும். ஆனால் ஹெலன் மறுத்துவிட்டார்.

"கால் மணி நேரம் காட்டிட்டுப் பிடுங்கிட்டா அதவிடக் கொடுமை வேற இல்ல ஐயா. மருந்து மெதுவாத்தான் கூட்டிட்டுப் போகும். ஆனா போய்ச் சேந்தா அங்கேயே இருக்கலாம். எனக்கு நம்பிக்கை இருக்கு. உங்க மகளுக்கு அது வேலை செய்யிறத நான் கண்ணால பாத்திருக்கேன்."

"இத்தன வருசத்துக்கப்புறமும் கேக்குமா?"

"கேக்கும். ஒண்ணு சரியா வரலேன்னா இன்னொண்ணு பாப்போம். எங்ககிட்ட நெறைய இருக்கு."

"அப்ப எழுதுங்க" என்றார் கஸ்பார்.

ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து முதல் மாத்திரை தரவேண்டிய காலையில், ரெஜினா தனியாக ஹெலனின் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"அவருக்கு மருந்து குடுத்துட்டா, இந்தச் சொமை குறைஞ்சிரும்லா டாக்டரம்மா?"

"குறையும்."

"அதுக்கப்புறம் அது எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. அவருக்கே மறந்தாலும் மறந்திரும்."

"மறந்தா நல்லதுதானே."

"அதுக்கு முன்னாடி அத எனக்கு ஒரு தடவ குடுங்க."

ஹெலன் எழுந்து நின்றுவிட்டார். "வேண்டாம்மா. நீங்க அவர நம்புறீங்க. நம்புறதுக்காக யாரும் வலிய வாங்கிக்க வேண்டியதில்ல. இந்த மிஷினையே நான் அதுக்காகத்தான் வேண்டாம்னு சொல்லிட்டு இருக்கேன்."

"நம்புறதுக்கு இல்ல," என்றார் ரெஜினா. "முப்பது வருசம் ஒரே வீட்டுல இருந்திருக்கேன். அவரு இருந்த எடத்துக்கு நான் ஒரு நாளும் போனதில்ல. ஒரு தடவ போயிட்டு வாரேன். கொஞ்ச நேரம் கூட இருந்துட்டு வாரேன். அவ்வளவுதான்."

நிர்வாகக் கூட்டங்களில் எத்தனையோ பேர் அந்தக் கருவியைப் புகழ்ந்து ஹெலன் கேட்டிருக்கிறார். நிரூபணம், விழிப்புணர்வு, புள்ளிவிவரம் என்றெல்லாம் சொன்னார்கள். இப்படி ஒருவரும் சொன்னதில்லை. ரெஜினாவிடம் சோதனைக் கேள்விகளைக் கேட்டார். இந்த முறை கேள்விகளை மாற்றிக் கேட்டார். பிறகு ஆனந்தவல்லியைக் கூப்பிட்டார்.

கஸ்பார் முதலில் சம்மதிக்கவில்லை. ரெஜினா அவரிடம் காதோடு ஏதோ சொன்னார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

எண் இறங்கி இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது. ரெஜினா அழவில்லை. முகம் மட்டும் மெல்ல மெல்லக் கஸ்பாரின் முகத்தைப் போல ஆனது. அதே அசையாத கண்கள், அதே இறுகிய வாய். கஸ்பார் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்தார். தன் முகம் வெளியிலிருந்து பார்க்க எப்படி இருந்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுந்துபோய் ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இறங்கியதும் ரெஜினா சொன்னது ஒன்றுதான். "இத வச்சிக்கிட்டா நீங்க புள்ளயப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனிய, சிரிச்சிய, எந்தங்கச்சி கல்யாணத்துல ஆடுனிய?"

"நீ கேட்டியே, ஆடுனேன்" என்றார் கஸ்பார்.

அன்று அவர் முதல் மாத்திரையை விழுங்கினார். ஷெரின் தன்னுடையதை அவரோடு சேர்ந்து விழுங்கினாள்.

ஹெலன் அதன் பிறகு தன் பிரிவில் சிலவற்றை மாற்றினார். பகிர்வியை நிரூபணத்துக்காக ஓட்டுவதை நிறுத்தினார். யார் கூட இருக்க விரும்பி வருகிறார்களோ அவர்களுக்கு மட்டும், நோயாளி மனமார அழைத்தால் மட்டும். நிர்வாகம் முணுமுணுத்தது. அவர் அசையவில்லை. "எங்க வீட்டுல இதெல்லாம் கெடையாது, இவன் நடிக்கான்" என்று அழுத்தமாகச் சொல்லும் அப்பாக்களையும் அம்மாக்களையும் அவர் இப்போது எதிரியாகப் பார்ப்பதில்லை. உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, "உங்களுக்கு முன்னாடி எப்பவாவது வேற மாதிரி இருந்த ஞாபகம் இருக்கா?" என்று கேட்கிறார். பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டு, நான் நல்லாத்தான் இருக்கேன் டாக்டர் என்கிறார்கள். அது உண்மையாகவும் இருக்கிறது. சிலர் மட்டும் டீயைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கத் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு அன்று நிறைய நேரம் ஒதுக்குகிறார்.

ஷெரின் முதலில் தேறினாள். இளவயசு, சீக்கிரமே வந்த மருத்துவம். வேலைக்குத் திரும்பியதோடு, தோழிகளிடம் என்ன நோய், என்ன மருந்து என்று பல்லைச் சாக்குச் சொல்லாமல் சொன்னாள். கல்யாணத்துக்குப் பேசி வந்தவர்களிடம் அவளே போனில் பேசி வேண்டாம் என்றாள். கஸ்பாருக்கு முதல் மருந்து ஒத்துவரவில்லை. இரண்டாவதில் தூக்கம் நீண்டது. வேறு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. அவர் குறை சொல்லவில்லை. சொன்ன நாளில் வந்தார், சொன்ன மருந்தைத் தின்றார். ஹெலனுக்குத்தான் உள்ளூரக் கவலையாக இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெஜினா போன் செய்தார். குரல் நடுங்கியது. ஹெலன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

"டாக்டரம்மா, அவரு கொழம்பு நல்லா இல்லன்னுட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"சீலா மீன் கொழம்பு வச்சேன். ஒரு வாய் வச்சிட்டு, 'என்ன ரெஜினா, புளி தூக்கலா இருக்கு'ன்னாரு. முப்பது வருசத்துல நான் என்னத்தப் போட்டாலும் தின்னுட்டு எழும்பிருவாரு. உப்பே போடாம வச்சிருக்கேன், தெரியாது. இன்னிக்கு முகத்தச் சுழிக்காரு."

ஹெலன் மறுபடி உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது. "இப்போ எங்க இருக்காரு?"

"உனக்கு மீன் வாங்கத் தெரியலன்னு என்னைய ஏசிட்டு, வேற மீன் பாத்து வாங்கிட்டு வாரேன்னு சட்டையப் போட்டுட்டு அவரே கெளம்பிட்டாரு" என்றார் ரெஜினா. மறுமுனையில் அவர் அழுதுகொண்டிருந்தார். "மவளும் பையத் தூக்கிட்டு அவரு பொறத்தால ஓடுதா."